உடன்குடி வீட்டுப் பவர் பிளக்

சந்தனச்செல்வி வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவள். வயது நாற்பத்து நான்கு. தூத்துக்குடியைத் தாண்டி திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டையில், கணவன் இசக்கியப்பனோடு ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். அவன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

ஏரல் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல்லும் கிணற்றுத் தண்ணீரில் வாழையும் போட்ட வீட்டில் பிறந்தவள் அவள். தோட்டத்துக் கிணற்று மோட்டார் அடிக்கடி எரிந்துபோகும். மெக்கானிக் வந்து சேர நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் அப்பா வாழைக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அந்த இரும்புப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற வேகத்தில்தான், பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். வகுப்பில் முப்பத்தொன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். இவள் தூத்துக்குடியில் விக்டர் என்பவரின் மோட்டார் வைண்டிங் பட்டறையில் சேர்ந்து பதினொரு வருடம் தாமிரக் கம்பி சுற்றினாள்.

அந்தப் பட்டறைக்கு வந்ததெல்லாம் உப்பளத்து மோட்டார்கள். உப்புக்காற்று பட்ட கம்பி எப்படிப் பச்சை பிடிக்கும், திருகாணி எப்படிப் பொருக்குத் தட்டும் என்பதெல்லாம் அங்கே அவளுக்குக் கைப்பழக்கமாக வந்தது. எரிந்த மோட்டாரைத் திறந்தவுடன் வருகிற வாடையை வைத்தே, அது ஒரேயடியாக எரிந்ததா, நாள்பட வெந்து போனதா என்று சொல்லிவிடுவாள். விக்டர் வேறு யாரிடமும் கேட்காமல், "செல்வி, நீ மோந்து பாத்துச் சொல்லு" என்பார். பிறகு லைசென்ஸ் வாங்கி, வீட்டு வயரிங் வேலைகளைத் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். மொபெட்டில் வயர்ச் சுருளையும் டிரில்லிங் மிஷினையும் கட்டிக்கொண்டு எட்டு வருடம் ஓட்டினாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய எலக்ட்ரிக் கார் விலைக்கு வந்தது. வாங்கப்போகிறேன் என்றதும் இசக்கியப்பன் தலையைச் சொறிந்தான்.

"பெட்ரோல் பங்கு நம்ம தெருமுனையிலயே இருக்கு. கரண்டு காரு என்னத்துக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச சாமான் கரண்டுதாம்லா. தெரியாத பெட்ரோல எதுக்கு நம்பணும்?" என்றாள் சந்தனச்செல்வி.

வாடகை வீட்டில் தனியாக சார்ஜர் பொருத்த முடியாது. பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கு என்று ஒரு பதினைந்து ஆம்ஸ் பவர் பிளக் இருந்தது. காரோடு கொடுத்த சார்ஜரை நேரடியாக அதில் மாட்டிவிடலாம். ஆனால் அவள் உடனே மாட்டவில்லை. மெயினை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றினாள். உள்ளே ஒரு திருகாணி லூசாக இருந்தது. அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. வாஷிங் மெஷின் ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடும், அதை அந்தப் பிளக் தாங்கிக்கொண்டது. கார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். அதைத் தாங்காது. புது சாக்கெட் போட்டாள், வயரின் பருமனைப் பார்த்தாள், எர்த்தைச் சோதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சார்ஜரை மாட்டி, மத்தியானம் வரை அரைமணிக்கு ஒருதரம் பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு கூட இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவள் கார் அந்தப் பிளக்கில்தான் சார்ஜ் ஆகிறது.

எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தேடிப் பிடித்தார்கள். "வீட்ல இருக்க பிளக்குல மாட்டலாமா, மாட்டக் கூடாதா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். வீட்டைப் பார்க்காமல் அவள் பதில் சொல்ல மாட்டாள்.

சென்ற வருடம் தை மாதம் உடன்குடியிலிருந்து லிங்கராஜ் ஃபோன் செய்தார். அங்கே கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர், அறுபதை நெருங்குகிறவர். புதுக் கார் வந்து மூன்று நாள் ஆகிறது, வீட்டில் எந்தப் பிளக்கில் மாட்டினாலும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது. இன்னும் மூன்று நாளில் சென்னையிலிருந்து விமானத்தில் வரும் மகளையும் மருமகனையும் பேத்தியையும் வாகைகுளம் விமான நிலையத்தில் போய் அழைத்துவர வேண்டும். புதுக் காரில் வருகிறேன் என்று மருமகனிடம் சொல்லியும் விட்டார்.

சந்தனச்செல்வி மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, திருச்செந்தூர் வழியாக எட்டரைக்கெல்லாம் உடன்குடி போய்ச் சேர்ந்தாள். பெரிய வீடு. முன்னால் கார் நிறுத்த அகலமான போர்டிகோ, கண்ணாடி மாதிரி மின்னும் டைல்ஸ். வெள்ளைக் கார் பாதி சார்ஜோடு நின்றது. லிங்கராஜ் வாசலுக்கே வந்துவிட்டார். இவளும் எலக்ட்ரிக் காரிலிருந்தே இறங்குவதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி நிம்மதி.

"வாம்மா. கம்பெனிக்காரன் வந்து பாத்தான். வீட்டு லைன் சரியில்ல, த்ரீ பேஸ் வாங்கி, சுவத்துல பெரிய சார்ஜர் மாட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதுக்கு எழுதிக் குடுத்து வர மாசக்கணக்காகும் போல இருக்கு."

"ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவிய, அண்ணாச்சி?"

"திருச்செந்தூர், சாத்தாங்குளம்… மிஞ்சிப்போனா அறுவது. என்னைக்காவது தூத்துக்குடி."

"அப்போ அந்தப் பெரிய சார்ஜர் உங்களுக்கு வேண்டாம். இருக்கிற பிளக்கே போதும். சாயங்காலம் மாட்டுனா காலையில தேவைக்கு மேலயே ஏறியிருக்கும். நீங்க தூங்குத நேரத்துல வண்டிக்கு என்ன அவசரம்?"

லிங்கராஜ் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜீவமணின்னு இங்கன ஒரு எலக்ட்ரீசியன். அவன் ஒரு வழி சொல்லுதான். பிளக்குக்குள்ள நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல சின்னதா ஒரு வயர் துண்டு கொடுத்தா பச்சை லைட்டு வந்துருமாம். அஞ்சு நிமிச வேலையாம். நீயே அதச் செஞ்சு குடுத்துரேன்."

"பச்சை லைட்டு வரும், அண்ணாச்சி. நான் செய்ய மாட்டேன்."

"ஏம்மா?"

"உங்க வீட்ல எர்த்து இல்லன்னு அந்தப் பெட்டி சொல்லுது. அதத்தான் மூணு நாளா சொல்லிக்கிட்டு இருக்கு. நாம வயரக் குடுத்து அது வாய அடைச்சிரலாம். நாளைக்கு எங்கயாவது ஒரு இடத்துல நியூட்ரல் லூசாச்சுன்னா, ஃபிரிட்ஜு, கிரைண்டர், காரு எல்லா இரும்புலயும் கரண்டு வந்து நிக்கும். உங்க பேத்தி போய் கார்க் கதவத் தொடுவா."

லிங்கராஜின் முகம் இறுகியது. "எர்த்து இல்லன்னு எப்படிச் சொல்லுத? வீடு கட்டும்போது நான் பக்கத்துல நின்னு போட வச்சேன். பைப்பு, கரி, உப்பு எல்லாம் என் கண்ணு முன்னாலதான் எறக்குனாங்க."

அவள் வாதாடவில்லை. பையிலிருந்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்தாள். ஹோல்டரும் இரண்டு வயர்களும் சேர்ந்த அந்தப் பல்புதான் அவள் முதலில் நம்பும் கருவி. போர்டிகோ பிளக்கில் கரண்டு வருகிற துளையிலும் அது திரும்பிப் போகிற நியூட்ரலிலும் வைத்தாள். பளீரென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்த வயரை எடுத்து எர்த் துளையில் வைத்தாள். மினுக்கென்று ஒரு சிவப்பு இழை கூட வரவில்லை. ஹாலில், படுக்கையறையில், மாடியில் எல்லாப் பிளக்கிலும் அதேதான்.

"ஒரு பிளக்குல இல்லன்னா வயரு விட்டுப்போச்சுன்னு சொல்லலாம். ஒண்ணுலயும் இல்ல" என்றாள்.

சமையலறைக்குள் போனபோதுதான் அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். கிரைண்டருக்கு முன்னால் தரையில் ஒரு தேக்குப் பலகை. அதன்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. லிங்கராஜின் மனைவி முத்துக்கனி அடுப்பில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குக்கா இங்கன கெடக்கு?"

முத்துக்கனி கணவனை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கிரைண்டர்ல கை வச்சா சுர்ருங்கும். வாஷிங் மெஷினும் அப்படித்தான். சில நாளைக்கு ஃபிரிட்ஜு கூட. பலகை மேல நின்னா ஒண்ணும் தெரியாது."

"எத்தன நாளா?"

"நாளா? ஏழு வருசமா."

"அவளுக்கு எதத் தொட்டாலும் அப்படித்தாம்மா. நரம்புத் தளர்ச்சி. டாக்டரே சொல்லிட்டாரு" என்றார் லிங்கராஜ். ஃபிரிட்ஜுக்கு மேல் சத்து மாத்திரை அட்டைகள் அடுக்கியிருந்தன.

சந்தனச்செல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைக் காட்டினால் வேலை கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள். மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பிளக்கின் நியூட்ரலிலும் மறுமுனையைக் கிரைண்டரின் இரும்பு உடம்பிலும் வைத்தாள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. லிங்கராஜைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இத வாசிங்க, அண்ணாச்சி. சைபரா இருக்கணும். தொண்ணூத்தெட்டு வோல்ட்டு நிக்கி."

பிறகு அவள் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானாக நிறுத்திக்கொண்டு வந்தாள். ஃபிரிட்ஜை நிறுத்தினாள், மாறவில்லை. வாஷிங் மெஷின், மாறவில்லை. குளியலறை கீசரின் ஒயரைப் பிளக்கிலிருந்து உருவியதும் மீட்டர் சடாரென்று மூன்றுக்கு இறங்கியது. கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் உறை விரிசல் விட்டுத் தண்ணீருக்குள் கரண்டு கசிந்துகொண்டிருந்தது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். இறங்க வழி இல்லாமல், எர்த் வயர் வழியாகவே எல்லாச் சாமான்களின் உடம்புக்கும் பரவி நின்றது.

அவள் இதைச் சொல்லி முடித்ததும் முத்துக்கனி பால் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் நரம்புல ஒண்ணும் இல்லையா?"

"உங்க நரம்பு நல்லா இருக்குக்கா. நல்லா இருந்ததாலதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

முத்துக்கனி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். லிங்கராஜ் போர்டிகோவுக்குப் போய்விட்டார்.

சந்தனச்செல்வி பின்னாலேயே போனாள். "எர்த்துப் பைப்பு எங்க போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். வழுவழுப்பான டைல்ஸ். மகள் கல்யாணத்துக்கு முன்னால், ஒன்பது வருடத்துக்கு முன், போட்டது. "இத உடைக்கணுமா?" என்று கேட்டார். அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது, ஒன்றை எடுத்தால் வேறு நிறத்தில்தான் ஒட்ட வேண்டும் என்பது அவர் கவலை.

"உடைக்காமலும் வேற எடத்துல புது எர்த்து போட்டுறலாம். ஆனா பழசு என்ன ஆச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்றாள் அவள்.

அவர் தயங்கிக்கொண்டு நிற்கும்போதே முத்துக்கனி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் கடப்பாரை. ஏழு வருடம் பலகைமேல் நின்று மாவாட்டியவள், "தள்ளுங்க" என்று மட்டும் சொன்னாள். அவரும் தள்ளி நின்றார். மூன்றாவது குத்தில் டைல் உடைந்தது. சந்தனச்செல்வி குனிந்து, சிமெண்டைக் கொத்தி, மண்ணைக் கையால் தள்ளினாள். பைப் இருந்தது. தரை மட்டத்துக்கு இடைஞ்சலாக நின்ற அதன் தலையை டைல்ஸ் ஒட்ட வந்தவர்கள் அறுத்து எடுத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த எர்த் வயரைச் சுருட்டி ஒரு ஓரமாகச் சிமெண்டுக்குள் அமுக்கிவிட்டார்கள். வயருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு முழத் தூரம்.

லிங்கராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஐம்பது பேருக்கு முன்னால் ஒரு சொல் இறங்கிப் பேசாத மனிதர். எழுந்து மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏளா, நீ சொன்ன அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

முத்துக்கனி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள். "பால் ஆறுது, காபி போடுதேன். ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பழைய பைப்பை அவள் நம்பவில்லை. உடன்குடிச் செம்மணலில் அது காய்ந்து துருவேறியிருந்தது. அந்த மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஈரம் இல்லாத மண்ணில் எர்த் நிற்காது. வீட்டைச் சுற்றி நடந்து, துணி துவைக்கிற தண்ணீர் போய் விழுகிற வாழைப் பாத்திக்குப் பக்கத்தில் இடம் குறித்தாள். இரண்டு ஆட்கள் பத்தடி தோண்டினார்கள். ஆறடிக்குக் கீழே மண் நிறம் மாறி ஈரம் தெரிந்தது. தாமிர முலாம் பூசிய கம்பியை இறக்கி, அதைச் சுற்றி ஈரம் காக்கிற பொடியைக் கரைத்து ஊற்றி மூடினாள். மறுநாள் காலை மீட்டரை வைத்துப் பார்த்து, அளவு சரியாக வந்ததும்தான் வீட்டு வயரை அதில் இணைத்தாள். கீசருக்குப் புதுக் கம்பி மாற்றினாள். கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் மெயினை உடனே தட்டிவிடுகிற டிரிப்பர் ஒன்றையும் போர்டில் பொருத்தினாள்.

அடுத்து காருக்கு எந்தப் பிளக் என்று முடிவு செய்ய வேண்டும். போர்டிகோவில் இருந்தது சின்னப் பிளக். கார்த்திகைக்குச் சீரியல் பல்பு போடுவதற்காக வைத்தது. லிங்கராஜ் அதில் அடாப்டரைச் செருகித்தான் சார்ஜரை மாட்டிப் பார்த்திருக்கிறார். சந்தனச்செல்வி அதே அடாப்டரில் அயர்ன் பாக்ஸையும் ஒரு வெந்நீர் ராடையும் சேர்த்து மாட்டி, இருபது நிமிடம் கழித்து அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எர்த்து இருந்து பச்சை லைட்டு வந்திருந்தா, முத நாள் ராத்திரியே இது உருகியிருக்கும்" என்றாள்.

ஹாலில் ஏசி பிளக் இருந்தது. அதற்கு ஜன்னல் வழியாக வயர் இழுக்க வேண்டும், ஜன்னலை மூட முடியாது. அவள் வீட்டின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். போர்டிகோவின் கடைசிச் சுவருக்கு வெளிப்பக்கம், ஒரு சின்னத் தகரக் கூரைக்குக் கீழே பவர் பிளக் ஒன்று சும்மா கிடந்தது. பழைய கிணற்று மோட்டாருக்குப் போட்டது. பதிமூன்று வருடத்துக்கு முன் போர்வெல் வந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. திறந்து பார்த்தாள். நல்ல பருமனான வயர், வேறு எதோடும் சேராமல் நேரே மெயின் போர்டிலிருந்து வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க காருக்குன்னே ஒரு பிளக்கு பதிமூணு வருசமாக் காத்துக் கெடக்கு."

"அது அங்கன இருக்கு, காருக்குச் சார்ஜ் போடுத வாய் முன்னாலலா இருக்கு? வயரு எட்டாதே."

"வயர நீட்ட வேண்டாம். காரத் திருப்பி நிறுத்துங்க."

லிங்கராஜ் சாவியை எடுத்துக்கொண்டு போய், காரை வெளியே எடுத்து, தெருவில் திருப்பிக் கொண்டுவந்து, சுவர்ப் பக்கமாக முகம் இருக்கும்படி மாற்றி நிறுத்த முயன்றார். இரண்டு தடவை கோணலாகப் போனது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. அவள் பழைய சாக்கெட்டை மாற்றி, போர்டில் அதற்கென்று தனி பிரேக்கர் வைத்து, மழைச்சாரல் படாதபடி மூடி போட்டாள். சார்ஜரைச் செருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. காருக்குள் திரையில் நாற்பத்தாறு சதவீதம் என்று காட்டியது. பக்கத்தில் மின்னல் அடையாளம் மினுங்கியது.

லிங்கராஜ் கைதட்டிவிட்டார். சந்தனச்செல்வி கிளம்பவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் இருந்து, அரைமணிக்கு ஒருதரம் பிளக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுவரும் பிளக்கும் ஒரே குளிர்ச்சியில் இருந்தன. சார்ஜ் அறுபத்து நாலைத் தொட்டதும் டூல் பையை மூடினாள். போவதற்கு முன் முத்துக்கனியைக் கூப்பிட்டு, பலகையை எடுத்துவிட்டு வெறுங்காலோடு கிரைண்டரைத் தொடச் சொன்னாள். முத்துக்கனி முதலில் ஒரு விரலை வைத்தாள், பிறகு உள்ளங்கையை. கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் லிங்கராஜ் புதுக் காரில் வாகைகுளம் போய் மகள் குடும்பத்தை அழைத்துவந்தார். வீடு திரும்பும்போது பாதிக்கு மேல் சார்ஜ் மீதி இருந்தது என்று ஃபோனில் சொன்னார். மருமகனிடம் எர்த் பற்றி அரை மணி நேரம் விளக்கினாராம்.

ஒரு வாரம் கழித்து முத்துக்கனி கூப்பிட்டாள். இப்போது அவள் பேச்சில் உரிமை வந்திருந்தது.

"ஏளா செல்வி, சாத்தாங்குளத்துல என் தங்கச்சி வீட்டுக்கு எப்போ வாரே? அவ வீட்டு ஃபிரிட்ஜும் சுர்ருங்குதாம். எதுத்த வீட்டுக்காரி, அவ சம்மந்தி, இன்னும் ரெண்டு பேரு சொல்லியிருக்காளுவ."

"அவங்கள்லாம் காரு வாங்கியிருக்காங்களாக்கா?"

"காரா? ஒருத்திட்டயும் சைக்கிள் கூட இல்ல. நீ வா."

அந்த வாரமே சந்தனச்செல்வி போனாள். ஐந்து வீட்டில் மூன்றில் எர்த் விட்டுப்போயிருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாளை அவள் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறாள். கார் வாங்கியவர்களும் கூப்பிடுகிறார்கள், வாங்காதவர்களும் கூப்பிடுகிறார்கள். இசக்கியப்பன் யார்டில் லீவு கிடைக்கிற நாளில் கூடவே போய்க் குழி தோண்டுகிறான். ஒரு தடவை பத்தடி தோண்டிவிட்டு மேலே ஏற முடியாமல் ஏணி கேட்டிருக்கிறான். சென்ற மாதம் திருச்செந்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், வருகிற விருந்தாளிகளின் கார்களுக்குச் சார்ஜ் போட இருக்கிற பிளக்குகளில் எத்தனை தேறும் என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பிளக். அவள் குண்டு பல்பை எடுத்துக்கொண்டு முதல் பிளக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.